போமட் பண்ணின பிறகு எது திரும்பி வரும்?

போன மாதம் என்ர லப்டொப்புக்குப் புதுசாய் விண்டோஸ் போட்டனான். போமட் பண்ணமுதல் என்ர கோப்புகள் எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில கொப்பி பண்ணி வைச்சு, பிறகு ஒவ்வொன்றாய்ப் பார்த்து, தேவையானதை மட்டும் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தன். அப்பதான் அம்மப்பாவின்ர கல்வெட்டுக் கோப்பு கண்ணில பட்டது. 2005இல, அவர் காலமான 31ஆம் நாளுக்கு மாமா ரைப் பண்ணினது.

திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளும் கடைசியில ஒரு அரைப்புள்ளியும். கோப்பு பழுதாகவில்லை, ஒரு பைட்டும் குறையவில்லை. பழைய விண்டோஸில் இருந்த பாமினி எழுத்துரு புதுசில இல்லை. அவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது என்று தேடப்போனால், அது கிட்டத்தட்ட 30 வருடக் கதை.

விண்டோஸ் 95 வெளியானது 1995 ஓகஸ்ட் 24. சீடியாகவும் வந்தது, 13 பிளொப்பிகளாகவும் வந்தது. சாதாரண பிளொப்பி ஒன்று கொள்ளுவது 1.44 மெகாபைட். எனவே எதை வைத்திருப்பது, எதை விடுவது என்ற தெரிவை அப்போது இடமே செய்துவிடும். இன்னொரு மாற்றமும் அந்தப் பதிப்போடு பரவலானது. நிரல்கள் தங்கள் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற பொதுவான ஓரிடத்தில் பதிந்து வைக்கத் தொடங்கின. அதனால் ஒரு நிரலின் கோப்புறையை மட்டும் கொப்பி பண்ணி வைத்து, பிறகு திருப்பிப் போட்டால் பெரும்பாலும் அது வேலை செய்யாது. அப்படித்தான் எங்கட கடைகளிலயும் வீடுகளிலயும் ஒரு எழுதாத விதி உருவானது: நிரலைச் சீடியிலிருந்து புதுசாய்ப் போடு, உன்ர கோப்புகளை மட்டும் திருப்பி எடு.

2001 ஒக்டோபரில் எக்ஸ்பி வந்தது. அதில் 'மை டொக்கியுமென்ட்ஸ்' இருந்ததும் விண்டோஸ் இருந்த அதே சி டிரைவில். சியை போமட் பண்ணினால் இரண்டும் போகும். அதற்காகத்தான் ஹாட் டிஸ்க்கைப் பிரித்து, சொந்தக் கோப்புகளை டியில் வைக்கும் பழக்கம் வந்தது. டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதியெடுத்து வைக்கும் வழியும் இருந்தது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் உருவாகி, 1998இல் சிமான்டெக் நிறுவனம் வாங்கிய 'கோஸ்ட்' என்ற நிரல் அதற்குப் பேர்போனது. ஆனால் முழுவதையும் திருப்பிப் போட்டால், பென் டிரைவில் தொற்றி வந்த வைரசும் சேர்ந்துதான் திரும்பும். எதற்காக போமட் பண்ணினோமோ அதுவே மறுபடி உள்ளே வரும். தெரிந்தெடுத்துத் திருப்புவதுதான் புத்தி என்று எல்லாரும் பட்டுத்தான் படித்தார்கள்.

பிறகு அந்தத் தெரிவையும் இயந்திரமே செய்யத் தொடங்கியது. 2007இல் விஸ்டா, போமட் பண்ணாமல் புதிதாக நிறுவினால், பழையதை 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைத்தது. 2012இல் விண்டோஸ் 8, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு மற்றதைப் புதுப்பிக்கும் வசதியோடு வந்தது. கேட்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் 'சொந்தக் கோப்பு' எது, 'கணினியின் கோப்பு' எது என்று கோடு கிழித்தது ஆர்?

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தக் கோடு சரி. அவருடைய எழுத்துகள் எந்தக் கணினியிலும் இருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. பாமினி போன்ற எழுத்துருவில் ரைப் பண்ணும்போது கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எண்களுக்குத் தமிழ் உருவத்தைக் கொடுப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு இருப்பதோ விண்டோஸின் 'பொன்ட்ஸ்' கோப்புறையில், அதாவது கோட்டுக்கு மற்றப் பக்கத்தில். நாங்கள் சொல்லுகளைக் காப்பாற்றிப்போட்டு எழுத்தை அழித்துவிட்டோம்.

தீர்வு முதலே இருந்தது. 1991இல் வெளியான முதல் யுனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. யுனிகோட்டில் தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் உண்டு. எந்த எழுத்துரு போனாலும் அது தமிழ்தான் என்று கோப்புக்கே தெரியும். விண்டோஸ் 2000 தமிழை நேரடியாகவே காட்டியது. ஆனால் அச்சகங்களில் மலரும் கல்வெட்டும் பக்கமாக்கிய பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் சரிவராது. அதனால் பாமினி பல வருடம் நின்றுபிடித்தது.

அச்சான கல்வெட்டு அம்மாவின்ர அலுமாரிக்குள்ள கிடக்கு. பிறகேன் இந்தக் கோப்பு? பாமினியை இறக்கிப் போட்டுத் திறந்து பார்த்தேக்கதான் விளங்கிச்சு: கோப்பில இரண்டு பக்கம் கூட இருக்கு. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட அந்த மழையில, அம்மப்பா எதை எடுத்தார், எதை விட்டார் என்று மாமா எழுதியிருக்கிறார். எடுத்தது காணி உறுதி, அரிசி, அம்மம்மாவின்ர கண்ணாடி. விட்டது கலியாண அல்பம். வரேக்க எடுக்கலாம் என்று நினைச்சவராம்.

"அச்சடிக்கேக்க இதை ஏன் மாமா எடுத்தனீங்கள்?" என்று போனில கேட்டன்.

"அந்த நேரம் அப்பிடித்தானே பிள்ளை" எண்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அது இன்னும் கிடக்கோ?" எண்டு கேட்டார்.

கிடக்கு. யுனிகோட்டுக்கு மாற்றி, பிழைபட்ட எழுத்துகளைத் திருத்தி, அச்சடித்தும் குடுத்திட்டன். இப்படி ஒரு கோப்பு உங்கட வீட்டிலயும் இருக்கலாம். போமட் பண்ணமுதல் பொன்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து கொப்பி பண்ணுங்கோ. நேரம் கிடைக்கேக்க ஒவ்வொன்றாய் யுனிகோட்டுக்கு மாற்றுங்கோ. மாற்றேக்க ஒருக்கா வாசிச்சும் பாருங்கோ.