அழைக்கும் உரிமை யாருக்கு? உள்நாட்டுப் போரில் அயல்படையும் சம்மதச் சட்டமும்

ஒரு நாட்டின் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் இன்னொரு நாட்டின் படை அங்கே நுழைந்தால், ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் பிரிவு விதிக்கும் தடை மீறப்பட்டதாகாது. ஏட்டில் இவ்விதி எளியது. ஆனால் அரசு நானே என்று இருவர் உரிமை கொண்டாடும் நாட்டில் யாருடைய அழைப்பு செல்லும்? 1960 முதல் விதியின் வாசகம் மாறவில்லை. இந்தக் கேள்விக்குத் தரப்படும் விடைதான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

சிக்கலின் முழு உருவமும் முதலில் காங்கோவில் வெளிப்பட்டது. 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்ற அந்நாட்டில் ஒரு வாரத்துக்குள் ராணுவக் கலகம் வெடித்தது. தன் குடிமக்களைக் காப்பதாகச் சொல்லி பெல்ஜியம் படையிறக்கியது. ஜூலை 11 அன்று கட்டங்கா மாகாணம் பிரிந்துவிட்டதாக அம்மாகாணத் தலைவர் மோயிஸ் சோம்பே அறிவித்தார். மறுநாள் அதிபர் கசவுபுவும் பிரதமர் லுமும்பாவும் ஒன்றாகக் கையெழுத்திட்டு ஐ.நா. பொதுச்செயலர் ஹாமர்ஷோல்டுக்குப் படையுதவி கேட்டுத் தந்தி அனுப்பினர். ஜூலை 14 அன்று பாதுகாப்பு அவையின் 143ஆம் தீர்மானம் நிறைவேறி, ஐ.நா. படை அங்கே சென்றது. அதுவரை சட்டத்தில் குழப்பமில்லை.

செப்டம்பர் 5 அன்று கசவுபு லுமும்பாவைப் பதவிநீக்கினார்; லுமும்பா பதிலுக்குக் கசவுபுவை நீக்கினார். ஒன்பது நாளில் ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். படையை அழைத்த அரசே உடைந்துபோன நிலையில் ஐ.நா. படை யாருடைய சம்மதத்தில் அங்கே நின்றது? நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை கசவுபுவின் தூதுக்குழுவை ஏற்றதே அதற்கு நடைமுறை விடையாயிற்று. அதாவது, காங்கோவின் சார்பில் பேசத் தகுந்தவர் யார் என்பது நியூயார்க்கில் வாக்கெடுப்பால் முடிவாயிற்று. 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். அடுத்த மாதம் வந்த 161ஆம் தீர்மானம், உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் பலத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் உயிர்நீத்த இந்தியக் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா பரம்வீர் சக்கரம் பெற்றது இந்தப் பணியில்தான். இவ்வளவுக்குப் பிறகும், ஐ.நா. படையின் பணி எந்த நாட்டுக்கும் எதிரான கட்டாய நடவடிக்கை அல்ல என்றே 1962இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. களத்தில் நடந்த சண்டையைப் பார்த்தால் அந்தக் கருத்து ஒரு சட்ட நாசூக்கு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பனிப்போர்க் காலத்தில் அழைப்பு என்பது பெரும்பாலும் சாக்கு. ஆப்கானிய அரசு அழைத்ததால் வந்தோம் என்றது சோவியத் ஒன்றியம். வந்த படை 1979 டிசம்பர் 27 அன்று அந்த அரசின் தலைவர் ஹஃபிசுல்லா அமினையே கொன்றது. சோவியத்தின் பெயரைக் குறிப்பிடாமலே, அயல்படைகள் வெளியேற வேண்டுமென 104 நாடுகள் பொதுச்சபையில் வாக்களித்தன. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: அரசு கேட்டால் உதவலாம், எதிர்த்தரப்பு கேட்டால் கூடாது. அரசு எது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை.

தொண்ணூறுகளில் அழைப்பதற்கு அரசே இல்லாத நாடும் உண்டு என்பதைச் சோமாலியா காட்டியது. 1992 டிசம்பரில் வந்த 794ஆம் தீர்மானம் யாருடைய சம்மதத்தையும் சாராமல் சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தையே பற்றிக்கொண்டது. உண்மையான திருப்பம் சியரா லியோனில் நேர்ந்தது. 1997 மே மாதம் ராணுவத்தால் விரட்டப்பட்ட அதிபர் கப்பாவின் கையில் தலைநகர்கூட இல்லை. இருந்தது தேர்தல் வெற்றி மட்டுமே. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை 1998இல் ஃப்ரீடவுனை மீட்டுக் கொடுத்தது. பாதுகாப்பு அவை முன்கூட்டி அனுமதி தரவில்லை. கப்பா திரும்பிவந்ததை மட்டும் வரவேற்றது. மண்ணை ஆள்பவரே அரசு என்ற பழைய அளவுகோல் இங்கே தளர்ந்தது.

தளர்ந்த அளவுகோலின் விலையை ஏமன் கொடுத்தது. 2015 ஜனவரியில் பதவி விலகல் கடிதம் கொடுத்து, பிறகு அதைத் திரும்பப் பெற்ற அதிபர் ஹாதி, மார்ச்சில் வளைகுடா நாடுகளுக்கு அழைப்பு விடுத்தார். தலைநகர் சனா அப்போது ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கையில். சவூதி தலைமையிலான குண்டுவீச்சு தொடங்கிய சில வாரங்களில், பாதுகாப்பு அவையின் 2216ஆம் தீர்மானம் ஹாதியே முறையான அதிபர் என்று உறுதிசெய்தது. தேர்தலில் போட்டியே இன்றி வந்தவர், நாட்டைவிட்டுப் போனவர். ஆனாலும் அவர் கையெழுத்து ஒரு போருக்குப் போதுமானதாக இருந்தது. கப்பாவுக்காக உருவான இளக்கம் இங்கே அளவுமீறிப் போயிற்று என்பது என் கருத்து.

படையை வெளியேறச் சொல்வதில் சட்டம் இதைவிடத் தெளிவானது. 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா இந்திய அமைதிப்படையை வெளியேறச் சொன்னபோது, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் நிறைவேற்றத்தோடு விலகலும் பிணைந்தது என்று டெல்லி வாதிட்டது. கடைசி வீரர் கப்பலேற 1990 மார்ச் ஆயிற்று. உகாண்டாவுக்கு எதிராகக் காங்கோ தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2005இல் தந்த தீர்ப்பு, எந்தச் சடங்குமின்றிச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம் என்றது.

மாலியில் 2020, 2021 ஆண்டுகளில் இருமுறை ஆட்சியைப் பிடித்த ராணுவத்தினருக்குத் தேர்தல் முத்திரை எதுவும் இல்லை. எனினும் 2023 ஜூனில் அவர்கள் ஐ.நா. படையை வெளியேறச் சொன்னதும், அம்மாத இறுதியிலேயே 2690ஆம் தீர்மானம் ஐ.நா. பணியை முடித்துவைத்தது. சனாவை ஆண்ட ஹவுதிகளின் எதிர்ப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. மாலியின் தலைநகர் பமாகோவை ஆண்ட ராணுவத்தின் சொல் உடனே செல்லுபடியானது. பமாகோவில் அரசு நாங்களே என்று சொல்ல வேறு ஆளில்லை என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்குச் சட்டநூல்கள் இதுவரை முழுமையான காரணம் காட்டவில்லை.