யப்பானின் வெளிநாட்டுத் தொழிற்பயிற்சித் திட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அரசியல் விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் அடுத்து வேண்டி நின்றது கைத்தொழில் வளர்ச்சியாகும். இயந்திரங்களைக் கடன்பட்டேனும் வாங்கலாம். அவற்றை இயக்கும் கைத்திறனை அவ்வாறு வாங்குதல் இயலாது. 1950 ஜனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டில் உருப்பெற்று, 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. மூலதன உதவியோடு தொழினுட்பப் பயிற்சியும் அதன் அங்கமாயிற்று. 1954 இல் யப்பான் இத்திட்டத்திற் சேர்ந்தது. போரிலே தோற்று, தன் ஆலைகளை மீளக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாடு பிறர்க்குத் தொழில் கற்பிக்க முன்வந்தமை அவ்வாண்டிலிருந்தே தொடங்குகின்றது.

1959 இல் யப்பானிய வர்த்தக கைத்தொழில் அமைச்சின் ஆதரவுடன் வெளிநாட்டுத் தொழினுட்பப் பயிற்சிக்கான சங்கமொன்று நிறுவப்பட்டது. 'ஏஓடிஎஸ்' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இச்சங்கத்தின் பயிற்சி முறை எளிமையானது. வளர்முக நாடொன்றின் தொழிற்சாலையிற் பணியாற்றும் ஊழியர் அத்தொழிற்சாலையினாலேயே தெரிந்தனுப்பப்படுவார். முதலிற் சங்கத்தின் பயிற்சி நிலையத்தில் யப்பானிய மொழியையும் அந்நாட்டுத் தொழில் ஒழுங்குகளையும் பயில்வார். பின்னர் யப்பானிய நிறுவனமொன்றில் இயந்திரத்தின் அருகே நின்று வேலையைக் கற்பார். பயிற்சி முடிந்ததும் தன் பழைய பணியிடத்திற்கே மீள்வார். செலவின் ஒரு பகுதியை அரசும் எஞ்சியதைத் தொடர்புடைய நிறுவனங்களும் ஏற்றன.

இதனைத் தூய அறச்செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது. தன் இயந்திரங்களுக்கு வெளிநாட்டுச் சந்தையையும், தன் நிறுவனங்களுக்குக் கூட்டு முயற்சிகளையும் யப்பான் தேடிய காலம் அது. ஆயினும், அந்நலன் பயிற்சியாளரின் நலனோடு இணைந்திருந்தது. ஊழியர் தொழிலைச் செவ்வனே கற்காவிடின், இயந்திரத்தை விற்றவருக்கும் கூட்டு முயற்சியில் முதலிட்டவருக்கும் நட்டமே. கற்பித்தல் நிகழும் என்பதற்கு இதனினும் உறுதியான பிணை வேறில்லை. யப்பானிற் பயின்று மீண்ட இலங்கையர் 1984 இல் 'யஸ்டெக்கா' என்னும் இலங்கை யப்பான் தொழினுட்ப கலாசாரச் சங்கத்தை அமைத்து, '5எஸ்' எனப்படும் பணியிட ஒழுங்கு முறையை இந்நாட்டு நிறுவனங்களிடையே பரப்பியமை இப்பயிற்சியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

1980களின் பிற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கிற்று. யப்பானியப் பொருளாதாரம் பெருக, அந்நாட்டு இளைஞர் அழுக்கும் ஆபத்தும் கடுமையும் மிக்க வேலைகளைத் தவிர்த்தனர். சிறு தொழிற்சாலைகள் ஆட்பற்றாக்குறையால் இடர்ப்பட்டன. ஆனால், தேர்ச்சியற்ற வெளிநாட்டுத் தொழிலாளரை அனுமதிப்பதில்லை என்ற கொள்கையை அரசு கைவிடவில்லை. கொள்கைக்கும் தேவைக்கும் இடையில் 'பயிற்சி' என்ற சொல் பாலமாயிற்று. 1990 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தையடுத்து, சிறு நிறுவனங்களும் தம் சங்கங்கள் வாயிலாகப் பயிற்சியாளரைப் பெற வழி திறந்தது. 1993 இல் தொழினுட்பப் பயிலுநர் திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம் வளர்முக நாடுகளுக்குத் தொழிற்றிறனை வழங்குதலே. நடைமுறையோ வேறாயிருந்தது. முதலாண்டில் வந்தவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் அல்லர். அவர் பெற்றது வேதனமன்று, உதவிப்பணம். தொழிற் சட்டங்களின் முழுப் பாதுகாப்பும் அவரைச் சேரவில்லை. பணிகொள்வோரை மாற்றும் உரிமையும் பொதுவாக அவருக்கு இல்லை. புறப்படுமுன் தரகருக்குக் கொடுக்கப் பட்ட கடனோ பலரைப் பிணித்தது. தையலும் மீன் பதனிடலும் பயிர்ச்செய்கையும் கட்டட வேலையும் அவர்தம் தொழில்களாயின. கற்ற வேலைக்கேற்ற ஆலையோ பதவியோ தாயகத்தில் அவருள் எத்தனை பேருக்குக் காத்திருந்தது என்பதே அடிப்படை வினா.

சீர்திருத்தங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. 2010 முதல் தொழிற் சட்டங்கள் தொடக்கப் பயிற்சிக்காலம் நீங்கலாக முதலாண்டிலும் ஏற்புடையனவாயின. 2016 இல் நிறைவேறி 2017 இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம், இத்திட்டத்தைத் தொழிலாளர் பற்றாக்குறையைச் சரிசெய்யும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என விதித்தது. ஆயினும், 2023 இன் இறுதியிற் பயிலுநர் தொகை 4 இலட்சத்தைக் கடந்தது. அவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வியட்நாமியர். அவ்வாண்டில் மட்டும் 9,700 பேருக்கு மேற்பட்டோர் தம் பணியிடங்களை விட்டு மறைந்தனர். 2024 ஜூனில் யப்பானியப் பாராளுமன்றம் இத்திட்டத்தை ஒழித்துப் புதியதொன்றை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. தொழிலாளரை வளர்த்துத் தன் நாட்டிலேயே பயன்கொள்ளுதல் நோக்கமென அது வெளிப்படக் கூறியது. சில நிபந்தனைகளின் கீழ்ப் பணியிட மாற்றத்திற்கும் இடமளித்தது.

1959 இன் திட்டத்தையும் 1993 இன் திட்டத்தையும் ஒப்புநோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். பயிற்சியின் இயல்பைத் தீர்மானிப்பது பயிற்சி நடைபெறும் இடமன்று. பயின்றவர் மீளும் இடமே. முன்னவர் தாம் விட்டுச்சென்ற இயந்திரத்திடம் மீண்டனர். பின்னவருட் பலர் தீராத கடனிடம் மீண்டனர். இலங்கையும் 2018 இல் பயிலுநரை அனுப்புவதற்கு யப்பானுடன் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடாகும். எனவே, எத்தனை பேர் விமானமேறினர் என்பதைக் கொண்டன்றி, மீண்டவரின் கைத்திறனுக்கு இந்நாட்டில் எத்தகைய தொழில் அமைந்தது என்பதைக் கொண்டே இத்தகைய ஒப்பந்தங்கள் அளவிடப்படல் வேண்டும்.