வியாபாரி கொண்டுபோன மதம்: மலாக்கா எழுப்பும் ஒரு கேள்வி

ஒரு மதம் எப்படிப் பரவியது என்று பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி "வாள்" என்கும். இன்னொரு கட்சி "வியாபாரம்" என்கும். இஸ்லாம் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போன கதையை வாசிக்க ஆரம்பித்தபோது நானும் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். இப்போது அந்தப் பதில் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வாள். உலகத்திலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா. அங்கே எந்த அரபுப் படையும் போய் இறங்கவில்லை. 1292ல் சுமத்ராவின் பெர்லாக் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ ஒரு குறிப்பு தருகிறார். வந்துபோகும் வணிகர்களால் நகரத்து ஜனங்கள் முஸ்லிம் ஆகிவிட்டார்கள், மலையில் இருப்பவர்கள் ஆகவில்லை என்கிறார். துறைமுகம் மாறுகிறது, மலை மாறவில்லை. பக்கத்திலேயே பாசாய் நாடு. அதன் சுல்தான் மலிக் அல் சாலிஹின் கல்லறைக் கல்லில் இருக்கும் ஆண்டு 1297. (பின்னாளில் மக்கஸார் போன்ற உள்ளூர் அரசுகள் அண்டை நாடுகளோடு போரிட்டு மதம் மாற்றியதும் உண்டு. ஆனால் அது இரண்டாவது கட்டம்.)

அப்படியானால் வியாபாரம்தான் காரணமா? இங்கேதான் சிக்கல். 1400 வாக்கில் உருவான மலாக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கு ஒரு காற்று, திரும்பிப் போக இன்னொரு காற்று. நடுவில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1511க்குப் பிறகு அங்கே இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ், அந்த ஊரில் 84 மொழிகள் கேட்டதாக எழுதுகிறார். வெளியூர் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். ஷாபந்தர் என்றால் துறைமுக அதிகாரி. குஜராத்திகளுக்கு மட்டும் தனியாக ஒருவர்.

அந்தக் கூட்டத்தில் பெரிய பணக்காரர்களில் தமிழ் இந்துச் செட்டிகளும் உண்டு. அவர்கள் புதிதாக வந்தவர்களும் இல்லை. சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088லேயே தமிழில் கல்வெட்டு வைத்துவிட்டது. அதே கடல், அதே காற்று, அதே சரக்கு. வியாபாரம் மட்டுமே மதத்தைப் பரப்பும் என்றால் அவர்கள் மதமும் பரவியிருக்கணுமே? ஏன் பரவலை?

இந்து, பௌத்த மதங்கள் அதற்கு முன்பே அங்கே போயிருந்தன, உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் அரண்மனை வழியாக வேரூன்றியவை. துறைமுகத்தில் கதை வேறு. செட்டியின் நம்பிக்கை வட்டம் குடும்பமும் சாதியும் சார்ந்தது. அதில் பிறக்கலாம், மணம் செய்துகொண்டு நுழையலாம். சும்மா ஒரு மலாய்க்காரர் வந்து "நானும் சேர்கிறேன்" என்று சொல்ல முடியாது. முஸ்லிம் வணிகரின் வட்டத்துக்கு வாசல் இருந்தது. கலிமா சொன்னால் உள்ளே வரலாம். உள்ளே வந்தால் காம்பே முதல் பாசாய் வரை தெரிந்த ஒரே மாதிரி ஒப்பந்த முறை. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் கப்பல் ஏறுவார், லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். சண்டை வந்தால் தீர்க்க காஜி இருப்பார். முன்பின் தெரியாத ஊரில் இதைவிட வேறென்ன வேணும்?

மலாக்கா மன்னர்களுக்கும் கணக்கு தெரியும். பாசாய் முஸ்லிம் வணிகர்களை இழுக்கத்தான் மன்னர் சலுகை கொடுத்தார், பாசாய் இளவரசியை மணந்து மதம் மாறினார் என்கிறார் பிரேஸ்.

இரண்டு தமிழர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வணிக வம்சத்தில் வந்தவர். மூதாதையர் அரச குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டார்கள். அவர் மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர் ஆனார். இன்னொருவர், போர்த்துக்கீசியர் நினா சட்டு என்று எழுதும் இந்து வணிகர். பெரும் பணக்காரர். அவருக்கும் பெண்டஹாரா பட்டம் கிடைத்தது, ஆனால் 1511ல் சுல்தான் ஆட்சி விழுந்து போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான்.

அந்தப் போர்த்துக்கீசியரிடம் பீரங்கியும் இருந்தது, பாதிரியாரும் இருந்தார். ஆனால் முஸ்லிம் வணிகர்கள் அச்சே, ஜோகூர், பான்தென் என்று வேறு துறைமுகங்களுக்குக் கடையை மாற்றிக்கொண்டார்கள். அவர்களோடு மதமும் போய் அங்கெல்லாம் வளர்ந்தது.

செட்டிகளும் காணாமல் போகவில்லை. மலாக்கா செட்டிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை. 500 வருஷம் தாண்டியும் தங்கள் மதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காப்பாற்றுவதும் பரப்புவதும் வேறு வேறு வேலை.

வியாபாரம் மதத்தைக் கரை வரைக்கும் கொண்டுபோகும். கரையில் நிற்பவர் உள்ளே வர வாசல் இருக்கிறதா என்பதுதான் மீதிக் கதை.