சென்னையா, பம்பாயா, கொழும்பா?: தென்சென்னையின் கடற்பயண வரலாறு

மயிலாப்பூர் ஒரு காலத்தில் தானே துறைமுகமாக விளங்கிய ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூலில் காணப்படும் ‘மயிலார்பா’ என்னும் துறை இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியரின் கப்பல்கள் நங்கூரமிட்டதும் இக்கரைக்கு எதிரிலேதான். 1639-க்குப் பின் ஆங்கிலேயரின் கோட்டை சில மைல் வடக்கே எழ, வாணிகமும் கப்பலும் அதன் பின்னே சென்றுவிட்டன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மயிலாப்பூரின் வழக்கறிஞர் குடும்பங்களிலிருந்தும் அடையாற்றின் பிரம்மஞான சபையிலிருந்தும் சீமைக்குப் புறப்பட்டவர்கள், கடல் தெருக்கோடியில் இருக்கக் கப்பலை வேறிடத்தில் தேட வேண்டியவராயினர். அவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: சென்னைத் துறைமுகத்திலேயே ஏறுவது, ரயிலில் பம்பாய் சென்று ஏறுவது, தெற்கே இறங்கிக் கொழும்பில் ஏறுவது. எந்த வழி, எந்தக் கம்பெனி, எந்த வகுப்பு, எந்த மாதம் என்று ஒப்பிட்டுத் தேர்ந்த அந்த முடிவுகளில், கப்பலின் சொகுசைவிடச் சாதி, உணவு, பருவக்காற்று, விடுமுறையின் நீளம் ஆகியவையே பெரும்பாலும் மேலோங்கி நின்றன.

மூன்று வழிகளில் அருகிலிருந்ததே நெடுங்காலம் மிகக் கடினமானதாகவும் இருந்தது. சென்னைக் கரைக்கு இயற்கை அளித்த ஒதுக்கிடம் எதுவும் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நின்றன. பயணிகள் மசூலா படகில், அதாவது ஆணியே இன்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும்படி கட்டப்பட்ட படகில், நனைந்துகொண்டே சென்று கப்பலேறினர். 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1876-இல் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்தது. 1904-இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறக்கச் செய்த பிறகே, கப்பல்கள் உள்ளே அமைதியாக நிற்கும் நிலை வந்தது. அதே அலுவலகத்தில் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், இரண்டே ஆண்டுகளில் அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்களுள் ஒருவரானார்.

இத்தனை இடர்ப்பட்டும் கடல் கடக்க வேண்டிய காரணம் வெளிப்படையானது. இந்திய ஆட்சிப் பணிக்கான போட்டித் தேர்வு 1922-இல் இந்தியாவிலும் நடத்தப்படும் வரை லண்டனில் மட்டுமே நடந்தது. பாரிஸ்டர் பட்டமும் அங்கேயே பெற வேண்டியிருந்தது. ஆனால் அதே குடும்பங்கள் போற்றிய சாத்திரங்கள் கடற்பயணத்தைத் தடுத்தன. போதாயன தரும சூத்திரம் கடல் கடப்பதைக் குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. சென்று திரும்பியவர் பிராயச்சித்தம் செய்யாவிடில் பந்தியிலும் சடங்கிலும் சேர்க்கப்படாத நிலை இருந்தது. இராமானுஜனே முதலில் மறுத்து, நாமக்கல் நாமகிரித் தாயார் தொடர்பான கனவுக்குப் பின்பே இசைந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும், பயணம், உடை முதலியவற்றுக்குத் தனித்தொகையும் அளித்தது. 1914 மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் ‘நெவாசா’ அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஏப்ரல் 14 அன்று லண்டனை அடைந்தது. குடுமியை வெட்டிக்கொண்டு, மேனாட்டு உடை அணிந்து, சைவ உணவு ஒன்றையே உண்ணும் உறுதியோடு சென்ற அவருக்குப் பயணம் நான்கு வாரம் எடுத்தது.

இந்த நான்கு வாரத்தை மற்றொரு பயணத்தோடு வைத்துப் பார்த்தால் பம்பாய் வழியின் வலிமை புலப்படும். அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அவர் தம்பி நித்தியானந்தாவும் பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட்டுடன் 1911 ஏப்ரல் 22 அன்று பம்பாயில் ‘மான்டுவா’ கப்பலில் ஏறி, மே 5 அன்று லண்டனில் ரயிலிலிருந்து இறங்கினர். பம்பாய்க்குச் செல்லும் ரயில் நேரத்தைச் சேர்த்தாலும் இது நேர்க்கப்பலின் காலத்தில் ஏறத்தாழ பாதியே. இதன் பின்னணி எளிது. 1842-இல் பி அண்ட் ஓ கம்பெனி கல்கத்தாவிலிருந்து சூயசுக்கு அஞ்சல் கப்பல் தொடங்கியபோது, சென்னையும் அதன் வழியில் ஒரு நிறுத்தமாக இருந்தது. 1869-இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டு, 1870-களின் தொடக்கத்தில் கல்கத்தாவும் சென்னையும் பம்பாயோடு இருப்புப்பாதையால் இணைந்த பிறகு, விரைவு அஞ்சல் முழுவதும் பம்பாய்க்குச் சென்றுவிட்டது. அங்கே ஏறியவர் தென் ஐரோப்பியத் துறை ஒன்றில் இறங்கி மீதி வழியை ரயிலில் முடிக்கலாம். சென்னையில் ஏறுபவர்க்கோ வீட்டு வாசலிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு ஒரே கப்பலில் செல்லும் வசதியும், உறவினர் கூட்டமாக வந்து வழியனுப்பும் ஆறுதலும் இருந்தன. அவற்றுக்கு அவர் கொடுத்த விலை கூடுதல் நாட்கள்.

மூன்றாம் வழியான கொழும்பு, கப்பல்களின் எண்ணிக்கையால் சிறந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் சீனா, ஜப்பானுக்கும் போகும் வரும் கப்பல்கள் பலவும் நிலக்கரி நிரப்ப அங்கே நின்றமையால், ஆங்கிலேய, பிரெஞ்சு, ஜெர்மானிய, ஜப்பானியக் கம்பெனிகளுள் விரும்பியதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அங்கு இருந்தது. தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து சிறு நீராவிக் கப்பலில் கொழும்பு சேர வேண்டியிருந்தது. அந்த வழியில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 முதல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு கட்டணப் போரிட்டது. 1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பலும் தொடங்கியபின், எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது.

வழியைத் தேர்ந்தபின் மாதத்தைத் தேர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பானது. அக்காலத்தில் செல்வோர் ஏடன் வரையிலான நாட்களைப் படுக்கையிலேயே கழிக்க நேர்ந்தது. ஆனால் அக்டோபரில் வகுப்புத் தொடங்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் மாணவர்க்கு அந்தக் கொந்தளிப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு அரிது. மயிலாப்பூர் ‘சந்திர விலாஸ்’ வீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் லாயிட் டிரியஸ்டினோ என்னும் இத்தாலியக் கம்பெனியின் ‘பில்ஸ்னா’வில் ஏறினார். தொடக்கத்தில் கடற்கொந்தளிப்பு அவரை வாட்டியது; கடல் அடங்கியபின், மேல்தள நாற்காலியில் அமர்ந்து வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதைக் கணித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசுக்கு இட்டுச்சென்ற சிந்தனையின் தொடக்கம் அதுவே. விரைவு விமானத்தில் பத்து மணி நேரத்தில் போயிருந்தால் அந்தக் கணக்கு எப்போது பிறந்திருக்கும் என்று வியக்கத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு இறுதியில் வட்டமேசை மாநாட்டிலிருந்து காந்தி திரும்பி வந்ததும் இதே பில்ஸ்னாவில்தான்.

பழகிய பயணிகள் அறையின் பக்கத்தையும் கருதினர். இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் கப்பலில் வலப்புறம் வடக்கையும், செங்கடலில் ஏறக்குறையக் கிழக்கையும் நோக்கியிருக்கும். பிற்பகல் வெயில் இடப்புற அறைகளையே சுடும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் செங்கடலின் வெப்பத்தைத் தாங்க இந்த வேறுபாடு சிறிதன்று. திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும்.

வகுப்பு என்பது பணத்தோடு நிற்கவில்லை. முதல் வகுப்பில் ஐரோப்பிய அதிகாரிகளின் நடுவே தனித்து அமர்வதைவிட, இரண்டாம் வகுப்பில் இந்திய மாணவர்களோடு கூடியிருப்பதைப் பலர் விரும்பியிருக்கக் கூடும். பெரியார் ஈ.வெ. இராமசாமி 1931 டிசம்பர் 13 அன்று சென்னையில் ‘அம்போய்ஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலில் ஏறி, சிக்கனமான வகுப்பிலேயே ஐரோப்பா சென்றார். சாத்திரத் தடையும் உணவுத் தீட்டும் அவர் தேர்வில் இடம்பெறவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடன் பயணிப்போர் யார் என்பது சில வேளை கலை வரலாற்றையும் மாற்றியது. 1920-களின் இறுதியில் ருக்மிணி தேவியும் அவர் கணவர் அருண்டேலும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவும் பயணம் செய்ய, அந்நாட்களில் வளர்ந்த நட்பே ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பியது. அதன் தொடர்ச்சியாக 1936-இல் அடையாற்றில் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரம் தோன்றியது.

மேற்கு நோக்கிய பயணத்தைப் பற்றியே எழுதினால் சென்னைத் துறைமுகத்தின் உண்மையான கூட்டம் மறைந்துவிடும். அது கிழக்கே, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் சென்றது. அங்கே செல்வோரில் மிகப் பெரும்பாலோர் டெக் பயணிகள், அதாவது அறையும் படுக்கையும் இன்றி மேல்தளத்திலோ சரக்கறைத் தளத்திலோ பாய் விரித்து இடம் பிடித்துக்கொள்வோர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜுலா’ சுமார் 8,500 டன் கொண்ட கப்பல். தொடக்கத்தில் அதற்கு 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஐந்து நாள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா சென்ற ‘ரோணா’ கப்பலும் அவ்வளவே எடுத்தது. ஆனால் டெக் சீட்டுக்கும் அறைச் சீட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு கடலில் அன்று, கரையில்தான் வெளிப்பட்டது. மலாயாவில் இறங்கும் டெக் பயணிகள் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் குவாரண்டீன் என்னும் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். அறைப் பயணிகள் பெரும்பாலும் நேரே ஊருக்குள் சென்றனர். இரண்டாம் வகுப்புச் சீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்த சிறு வணிகர் வாங்கியது மெத்தையை அல்ல, அந்தக் காவல் நாட்களிலிருந்து விடுதலையை.

நோய்க்காவல் சென்னையிலும் இருந்தது. 1899 ஜூனில் ‘கோல்கொண்டா’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்த விவேகானந்தர், பிளேக் அச்சத்தால் இங்கே கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அன்பர்கள் படகுகளில் சென்று கப்பலைச் சூழ்ந்து நின்றனர். அவருடைய சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாள் மட்டும் சீட்டு வாங்கிக் கப்பலேறி, பேசுவதற்காகவே கொழும்பு வரை உடன் சென்றார்.

கப்பல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து செல்லும் ‘சமாரியா’ கப்பலில்தான் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. படம் 1940-இல் சென்னையில் வெளிவந்தது. பின்னர் ‘குமரி மலர்’ இதழை நடத்திய அவரும், அவரை அடுத்து வந்த சோமலெயும், பயணத்தைச் செல்வரின் பெருமையாக அன்றிப் படிப்பவர் தாமும் திட்டமிடக்கூடிய செயலாக எழுதினர்.

இவ்வொப்பீடுகளுக்கெல்லாம் விமானம் முடிவு கட்டியது. 1948-இல் ஏர் இந்தியா பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1950-களில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் விமானம் வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துக் கொழும்பு வழியின் பழைய வடிவத்தை முடித்தது. ரஜுலா 1973 வரை ஓடியது. பிரான்சில் 1966-இல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்டு, இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய ‘சிதம்பரம்’, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலிகொண்டதோடு சிங்கப்பூர்ப் பயணிக் கப்பலும் நின்றது. அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல்கள் மட்டுமே, பங்க் என்னும் அடுக்குப் படுக்கை முதல் தனியறை வரை பழைய வகுப்புகளின் நிழலோடு, சென்னையில் எஞ்சின.

பின்னர் வந்த உல்லாசக் கப்பல் வேறு வகை. அங்கே சென்று சேர்வது நோக்கமன்று. புறப்பட்ட துறைக்கே பெரும்பாலும் திரும்பிவிடும் கப்பலில் இருப்பதே நோக்கம். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ 1990-இல் ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கடலிறங்கியது. 48,000 டன்னுக்கு மேற்பட்ட அக்கப்பல் ஏற்றுவது ஏறத்தாழ 2,000 பயணிகளை. ரஜுலாவின் எண்ணிக்கையோடு இதை வைத்துப் பார்ப்பவருக்கு இரு காலத்தின் வேறுபாடு விளங்கும். தி. நகரின் பயண முகவர்களிடம் இன்று கேட்கப்படுவன சன்னலில்லா உள்ளறையா, கடல் தெரியும் அறையா, பால்கனி அறையா என்பதும், துறைமுகக் கட்டணமும் வரியும் விலையில் அடக்கமா என்பதுமே. சைவ உணவு உண்டா என்ற இராமானுஜன் காலத்துக் கேள்வியும் உடன் வருகிறது. இப்போது அதற்கு ஜைன உணவு வரை விடை கிடைக்கிறது.

தடைகளும் வடிவம் மாறித் தொடர்ந்தன. 2022-இல் கப்பலில் சூதாட்ட விடுதி இருப்பதைக் காட்டிப் புதுச்சேரி நிர்வாகம் அதற்கு இடங்கொடுக்க மறுத்தது. 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பன்னாட்டு உல்லாசக் கப்பல் முனையம் திறக்கப்பட்டு, இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் செல்லும் பயணம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியாபாணி’ என்னும் சிறு கப்பல் சில மணி நேரப் பயணமாகப் புறப்பட்டது. ஆக, யாழ்ப்பாணக் கரைக்குச் செல்ல விரும்பும் மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்றுக்கு, உல்லாசக் கப்பலா, நாகையிலிருந்து படகா, மீனம்பாக்கத்திலிருந்து விமானமா என்று மறுபடியும் மூன்று வழிகளை எடைபோடும் வாய்ப்பு அவ்வாண்டில் கிட்டியது.