கான்பெர்ரா மாணவரும் நம்ம வீட்டு டிவியும்

வீட்டுல இருக்கிற படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு டிவி, போன், லேப்டாப்னு எதுல வேணும்னாலும் பார்க்க என்ன வாங்கலாம்? பதிலுக்கு முன்னாடி 1991-க்குப் போயிட்டு வந்துடலாம். சினாலஜி, க்யூநாப்னு எந்த நாஸ் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஓடுறது அந்த வருஷம் முளைச்ச ஒரு புரோகிராம்தான்.

ஒரு கம்ப்யூட்டரோட ஃபோல்டரை இன்னொண்ணு திறக்கணும்னா ரெண்டுக்கும் பொதுவா ஒரு மொழி வேணும். யூனிக்ஸ் பக்கம் 1984-ல் சன் நிறுவனம் என்எஃப்எஸ் கொடுத்தது. பிசி பக்கம் ஐபிஎம்-மில் பிறந்த எஸ்எம்பி. அதை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. ரெண்டும் ஒட்டாத உறவு.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அப்போ ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி மாணவர். தன்னோட டாஸ் பிசி-யில் இருந்து யூனிக்ஸ் சர்வரைத் திறக்கணும், அவ்வளவுதான் தேவை. கையில் எந்த ஆவணமும் இல்லை. அதனால கேபிளில் போற பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டார். பின்னாளில் அவர் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பிரெஞ்சு தெரியாம ஒரு பிரெஞ்சு ஓட்டல்ல போய் உட்காருங்க, யாரோ ஏதோ கேட்கிறாங்க, சர்வர் ஏதோ கொண்டு வர்றார். கேட்டதையும் வந்ததையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டே இருந்தா மொழி பிடிபட்டுடும்.

ரெண்டு வருஷம் கழிச்சு மனைவியோட விண்டோஸ் பிசி-யைத் தன் லினக்ஸ் மெஷினோட இணைக்க நினைச்சார். அந்தப் பழைய கோடையே போட்டுப் பார்த்தார். ஓடிச்சு! அவருக்கே ஆச்சரியம். அதாவது, நாம இன்னைக்குக் கேட்கிற அதே வீட்டுப் பிரச்சினை. 'சம்பா'ங்கிற பேருக்கும் பெரிய கதை இல்லை. அகராதியில் எஸ், எம், பி வரிசையா வர்ற சொல்லைத் தேடினப்போ கிடைச்சது. சால்மன்பெர்ரியும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, நல்லவேளை தப்பிச்சோம்.

ஒட்டுக்கேட்டே காலம் தள்ள முடியுமா? விண்டோஸ் மாறும்போதெல்லாம் சம்பா குழு திரும்பவும் துரத்தணும். 2004-ல் ஐரோப்பிய ஆணையம் இந்தத் தகவலைப் போட்டியாளர்களுக்குத் தரணும்னு மைக்ரோசாஃப்டுக்கு உத்தரவு போட்டது. 2007-ல் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. அந்த டிசம்பர்ல, ஒரே தடவை 10,000 யூரோ கட்டி ஆவணங்கள் சம்பா கைக்கு வந்தன. 2013-ல் ஆப்பிளும் தன் சொந்த முறையை ஓரங்கட்டிட்டு எஸ்எம்பி-க்கு மாறிடுச்சு.

சரி, என்ன வாங்கலாம்? நோண்டப் பிடிக்கும்னா பழைய லேப்டாப், லினக்ஸ், ஒரு யுஎஸ்பி டிஸ்க், சம்பா. பிடிக்காதுன்னா ரெண்டு டிஸ்க் போடுற சின்ன நாஸ். டிவியில விஎல்சி இல்லைன்னா கோடி போதும். எஸ்எம்பி முதல் வெர்ஷனை மட்டும் கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. 2017-ல் வானாக்ரை பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். ரவுட்டர்ல 445 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறக்கவே திறக்காதீங்க. அப்புறம், ரெண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி ஓடுது, அதனால பேக்கப் இருக்குன்னு நினைக்காதீங்க. ஒண்ணுல அழிச்சா அடுத்த நொடி இன்னொண்ணுலயும் அழியும். கல்யாண வீடியோவை மூணாவதா ஒரு டிஸ்க்ல காப்பி பண்ணி, கழற்றி பீரோவுல வைங்க.