மீகாமன் கை

பூம்புகாரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் கண்ணகியிடமோ மாதவியிடமோ போய் நிற்பதுதான் வழக்கம். கதை எழுதுகிறவனாகிய எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இன்று வாசகர்களை அந்தப் பட்டினத்தின் வேறொரு மனிதனிடம் அழைத்துப் போக விரும்புகிறேன். அவனுக்கு மாளிகை கிடையாது; பெயர்கூட நமக்குத் தெரியாது. கப்பலின் பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, உப்புக்காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றவன் அவன். மீகாமன் என்று பழைய தமிழ் அவனைச் சொல்லும். அவனைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு யந்திரம். கம்ப்யூட்டர் சொற்படி மரத்தையும் உலோகத்தையும் செதுக்கியெடுக்கும் சின்ன மில்லிங் மெஷின் அது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான்.

காவிரிப்பூம்பட்டினம் பெரிய துறைமுகமாக இருந்தது என்பது புலவர்களின் வெறும் கற்பனை அல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பூகோள நூல் எழுதிய டாலமி, காவிரியின் பெயரைக் கிரேக்க உச்சரிப்பில் திரித்து இந்த வாணிகத் துறையைக் குறித்து வைத்திருக்கிறார். 1960-களில் கீழையூரில் அகழ்ந்தபோது, படகு கட்டும் மரத்தறிகளோடு செங்கல் துறை ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. யவனர்கள் இங்கே குடியிருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த யவனர் பாஷையில் சுக்கான் பிடிப்பவனுக்குக் ‘குபெர்நேதேஸ்’ என்று பெயர். புகார்த் துறையில் அந்தச் சொல்லும் மீகாமன் என்ற சொல்லும் ஒரே காற்றில் கலந்து ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஓர் இன்பம்.

அந்தக் கிரேக்கச் சொல் ரோமாபுரிக்குப் போய்க் ‘குபெர்னாதோர்’ ஆயிற்று; இங்கிலீஷில் ‘கவர்னர்’ ஆயிற்று. ராஜ்பவனில் இருப்பவரும் கவர்னர்தான். பழைய நீராவி என்ஜினின் தலையில் சுழன்ற இரண்டு இரும்புக் குண்டுகளும் கவர்னர்தான். இரண்டு பேருக்கும் மூலபுருஷன் சுக்கான் பிடித்தவனே. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்புகளைப் பற்றிய சாஸ்திரத்துக்கு அமெரிக்கக் கணித மேதை நார்பெர்ட் வீனர் பெயர் தேடியபோது, இந்தக் கிரேக்க மீகாமனைத்தான் நினைத்துக்கொண்டார். ‘சைபர்நெடிக்ஸ்’ என்ற அவருடைய புத்தகம் 1948-ல் வெளிவந்தது.

குண்டுகளின் கதையை முதலில் பார்ப்போம். 1788-ம் வருஷம் ஜேம்ஸ் வாட் தம் நீராவி என்ஜினில் அவற்றைப் பொருத்தினார். என்ஜினின் வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலே எழும், அந்த எழுச்சி நீராவி வரும் வாயைக் கொஞ்சம் அடைக்கும், வேகம் அடங்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வாய் திறக்கும். நடந்ததைப் பார்ப்பது, நடக்கவேண்டியதோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்குத் தக்கபடி கையை அசைப்பது என்ற இந்த மூன்றும் சேர்ந்த காரியத்துக்குப் பின்னூட்டம் என்று பெயர். மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் நம் பக்கத்து நெல் அரவை மில்களில் ஓடிய ஆயில் என்ஜின்களிலும் இந்த ஜாதி உறுப்பு ஒன்று உண்டு.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பட்டறை வேலை மேன்மேலும் நேர்த்தியாயிற்று. உறுப்புகள் வழவழப்பாகப் பொருந்தின, உராய்வு குறைந்தது. நியாயமாகப் பார்த்தால் கவர்னர் முன்னிலும் ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? நடந்ததோ நேர்மாறு. என்ஜின்கள் ஊசலாடத் தொடங்கின. வேகம் ஏறும், அடக்கினால் அளவுக்கு மேல் அடங்கும், மறுபடி பாயும். எஞ்சினீயர்கள் இதற்கு ‘வேட்டையாடுதல்’ என்று பெயர் வைத்தார்கள். ஏன் இப்படி என்பதை 1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்தார். அவருக்குப் பின் ருஷ்ய தேசத்து விஷ்னெகிராட்ஸ்கி, உராய்வே இல்லாத கவர்னர் நிலைகொள்ளாது என்று காட்டினார். எதைக் குறை என்று துடைத்தெறிந்தார்களோ அதுதான் அத்தனை காலமும் அவசரக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தது!

திருத்துவதில் அவசரம் ஏன் ஆபத்து என்பதைக் காவிரிக் கடைமடைக்காரர்கள் கணிதம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து நம் வயல்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து அளந்து விடப்படுகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள். அங்கிருந்து புகாருக்குப் பக்கத்தில் இருக்கும் மேலையூர்க் கடையணைக்கு வர இன்னும் சில நாட்கள். பயிர் காய்கிறதே என்று இங்கே கூக்குரல் எழுப்பி, அங்கே ஷட்டரை உயர்த்தி, தண்ணீர் வந்து சேரும் வேளையில் ஐப்பசி அடைமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். காய்ந்த வயல் மூழ்கிய வயல் ஆகிவிடும். தவறு தெரிந்த கணத்துக்கும் திருத்தம் பலிக்கும் கணத்துக்கும் நடுவே காலம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காத கை, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு அசைந்தாலும் கெடுதலில்தான் கொண்டுபோய் விடும்.

அதைக் கணக்கில் சேர்க்கும் வழியைத் தெளிவாக எழுதி வைத்தவர் மறுபடியும் ஒரு கப்பற்காரர். நிகோலஸ் மினோர்ஸ்கி என்று பெயர். ருஷ்யக் கடற்படையில் இருந்துவிட்டு 1918-ல் அமெரிக்காவுக்குப் போனவர். கப்பலை ஆள் இல்லாமல் திசை பிசகாமல் செலுத்தும் கருவி ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அவர் முயற்சி. அதற்காக அவர் சுக்கான் பிடிக்கிறவர்களைக் கவனித்தார். தேர்ந்த மாலுமி என்ன செய்கிறான்? கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறான், அது ஒன்று. வெகு நேரமாக ஒரே பக்கம் ஒதுங்கிக்கொண்டே வந்திருக்கிறதா, நீரோட்டம் தள்ளுகிறதா என்று பழைய பாக்கியையும் கூட்டிப் பார்க்கிறான், அது இரண்டு. கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்து, திசை நேராவதற்கு முன்பே சுக்கானைத் தளர்த்துகிறான், அது மூன்று. நிகழ்காலம், இறந்தகாலம், வரப்போகும் காலம் மூன்றும் அந்த ஒரு கையில் இருக்கின்றன. மூன்றையும் மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு சமன்பாடாக 1922-ல் மினோர்ஸ்கி அச்சில் கொண்டுவந்தார்.

‘நியூ மெக்ஸிகோ’ என்ற போர்க்கப்பலில் அந்தக் கருவியைச் சோதித்தார்கள். முதல் இரண்டு உறுப்புகளை மட்டும் வைத்தபோது கப்பல் 2 டிகிரி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடிக்கொண்டே போயிற்று. மூன்றாவதையும் சேர்த்தபோது ஆட்டம் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பெரும்பாலான மாலுமிகளால் முடியாத நேர்த்தி அது. ஆனாலும் கடற்படை அந்தக் கருவியை ஏற்கவில்லை. காரணம், மாலுமிகளே அதை விரும்பவில்லை. 1930-ல் மினோர்ஸ்கி தம் காப்புரிமைகளைப் பெண்டிக்ஸ் கம்பெனிக்கு விற்றார். அவர் யாருடைய கையைப் பார்த்து எழுதினாரோ அந்த மாலுமிகளின் பெயர்கள் வழக்கம்போல வரலாற்றில் ஏறவில்லை. கதாசிரியனாகிய எனக்கு இந்தச் சரித்திரத்தில் மனம் தங்கிய இடம் இதுதான்.

கையை எண்ணாக்கியது கப்பலோடு நிற்கவில்லை. கொதிகலன், உலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று ஆலைகளுக்குள் நுழைந்தது. எந்த எண்ணை எவ்வளவு வைப்பது என்று ஆலைக்காரர்கள் திண்டாடியபோது, 1942-ல் ஜீக்ளர், நிக்கோல்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு சுலபமான சூத்திரம் கொடுத்தார்கள். யந்திரம் ஓயாமல் ஊசலாடத் தொடங்கும்வரை முதல் எண்ணை ஏற்று. பிறகு அதில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கு. மற்ற எண்களை ஊசலாடிய நேரத்திலிருந்து கணக்கிட்டுக்கொள். பத்து வருஷம் கழித்து, ஹெலிகாப்டர் இறக்கை செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையை முதலாகக் கொண்டு, மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் துளையிட்ட காகித நாடாவின் கட்டளைக்கு அசையும் மில்லிங் மெஷினை 1952 செப்டம்பரில் உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு அறிவு கொடுத்த வால்வுப் பெட்டிகள் யந்திரத்தைவிடப் பெரிதாக இருந்தன.

அந்த யந்திரத்தின் கொள்ளுப்பேரன் ஒன்று மேலையூரில், என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுப் பின்கட்டில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் நிற்கிறது. தங்கையின் மகன் பழைய மோட்டார்களையும் திருகுதண்டுகளையும் வாங்கி வந்து தானே கட்டியது. பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக. அதை நடத்தும் ‘லினக்ஸ் சி.என்.சி.’ என்ற கம்ப்யூட்டர் நிரல், அமெரிக்க அரசாங்கத்தின் அளவைநிலையத்தில் 1990-களில் பிறந்து, காசில்லாமல் எல்லாருக்கும் கிடைப்பது. மோட்டாரின் வாலில் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 2,000 முறை அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். ஒரு சுற்றில் மேஜை 5 மில்லிமீட்டர் நகரும். ஆகவே ஒரு மில்லிமீட்டரில் 400-ல் ஒரு பங்கு பிசகினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். விநாடிக்கு ஆயிரம் தடவை அது கேட்டுத் திருத்துகிறது. திருத்துவதற்கு அதற்குக் கொடுத்திருப்பவை அதே மூன்று எண்கள்தான்.

“முதல் நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும் மாமா. மத்த ரெண்டும் பூஜ்யம்” என்று பையன் செய்து காட்டினான். எண் சிறிதாக இருந்தபோது மேஜை சேற்றில் நடக்கும் எருமைபோலப் பின்தங்கி வந்தது. சதுரம் வெட்டச் சொன்னால் மூலை மழுங்கிற்று. எண்ணை ஏற்ற ஏற்றச் சுறுசுறுப்பு வந்தது. இன்னும் ஏற்றியபோது மோட்டார் வண்டுபோல ரீங்காரமிட்டு மேஜையே அதிர்ந்தது. மாக்ஸ்வெல் காலத்து ‘வேட்டை’ என் கண்ணெதிரே நடந்தது! பையன் எண்ணை இறக்கி, மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் சேர்த்தான். கடிவாளம் போட்டதுபோல அதிர்வு அடங்கிற்று. அதையும் அதிகமாக்கினால் மோட்டார் கரகரவென்று இரைகிறது. கடைசியில் இரண்டாவது எண்; விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த துளிப் பிசகை அது மெல்ல மெல்லக் கரைத்தது. 1942-ம் வருஷத்துச் சூத்திரம் இங்கே அப்படியே உதவாது என்றான் பையன். அந்த முறையில் ஊசலாட்டம் படிப்படியாகத்தான் அடங்கும். உலைக்கு அது பாதகமில்லை. வெட்டுகிற கத்திக்கோ, ஒவ்வோர் ஊசலும் மரத்தில் ஒரு வடு.

பக்கத்து வீட்டு ஆசாரியார் நான் போன அன்று திண்ணையை விட்டு எழுந்து வந்து பார்த்தார். எழுபது வயது, தேக்கில் கொடிக்கருக்கு செதுக்குவதில் பெயர் வாங்கியவர். “எல்லாம் சரி தம்பி, இதுக்குக் கை ஏது?” என்று கேட்டார்.

சாதாரணக் கேள்வி அல்ல அது. தமிழ்நாட்டுக் கைத்தொழில் வளர்ச்சிக் கழகம் 1973-ல் ஏற்பட்டது. அதன் விற்பனை நிலையங்களின் பெயர்ப் பலகையில் இருப்பது ‘பூம்புகார்’ என்ற பெயர்தான். கடல் கொண்ட பட்டினம் இன்று கைவேலைக்கு மறுபெயராக வாழ்கிறது. அந்த ஊரில் ஒரு தச்சர் யந்திரத்தைப் பார்த்துக் கை ஏது என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். யந்திரத்துக்கும் கை உண்டு; ஆனால் அது இரவல் கை. மீகாமனிடமிருந்து வாங்கியது, வாங்கியதற்குச் சீட்டு எழுதிக் கொடுக்காமல் வாங்கியது. ஆசாரியாரின் பயம் வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய உளியோட்டத்தையும் நாளை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து எண்ணாக்கலாம். அப்போதும் லாபம் ஒருவருக்கும் மறதி இன்னொருவருக்கும் போய்ச் சேரலாம்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் முதல் எண்ணை மறுபடி ஏற்றினான். ஆசாரியார் மேஜை ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். திரையில் ஓடிய கோடு நேராகத்தான் இருந்தது. “கொஞ்சம் இறக்கு தம்பி, உள்ளே நடுங்குது” என்றார். பையன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். ரோமம்போன்ற நெளிவு தெரிந்தது. இறக்கினான். அவர் கையை எடுத்துக்கொண்டு, “இப்ப சரி” என்றார்.

மார்கழிக் குளிரில் திருகுதண்டின் கிரீஸ் இறுகினால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காக, பையன் அந்த மூன்று எண்களையும் தேதியோடு சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தான். பக்கத்தில் ஆசாரியாரின் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுதினான்.