செத்துப்போன குதிரையும் சைக்கிள் சீட்டும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற வழியில் அய்யலூரைத் தாண்டியிருக்கிறீர்களா? இரண்டு விஷயங்களுக்காக அந்த ஊருக்குப் பேர். வியாழக்கிழமை கூடுகிற ஆட்டுச் சந்தை ஒன்று. வண்டிக் கருப்பணசாமி இன்னொன்று. புதுசாக லாரியோ காரோ வாங்கியவர்கள் கருப்பணசாமி முன்னால் நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். வழியில் ஒன்றும் ஆகாமல் சாமி பார்த்துக்கொள்ளும்.

சைக்கிளில் போகிறவனுக்கும் சாமி துணை இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு விபத்தைவிட அடிக்கடி வருகிற துன்பம் ஒன்று உண்டு. சீட்! நாலு மைல் மிதித்துவிட்டு இறங்கினால், நாற்காலியில் உட்காரவே யோசிக்கவேண்டியிருக்கும். எங்கே வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

சொல்ல முடியாத இந்த வலிக்கு 200 வருடச் சரித்திரம் இருக்கிறது.

1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை வரிசையாக வைத்து ஒரு வண்டி செய்தார். பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போகவேண்டும். அந்த மனிதர் நடுவில் மெத்தை வைத்த ஆசனம் ஒன்றைப் பொருத்த மறக்கவில்லை. 1860-களில் பாரிஸில் பெடல் வந்தது. சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அந்த வண்டி போட்ட போடில், இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நம்முடைய ஹீரோ வருகிறார். பெயர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். 1866-ல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணம், வார் முதலான தோல் சாமான்கள் செய்து விற்க ஆரம்பித்தவர். 1878-ல் அவருடைய குதிரை செத்துப்போனது. இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. யாரிடமோ ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, அதில் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார். பாவம், சீட் அவரைப் பதம் பார்த்துவிட்டது. வேறு யாராவது என்றால் நடந்தே போயிருப்பார்கள். இவர் சேணம் செய்கிற ஆள் ஆயிற்றே! உட்கார்ந்து யோசித்தார் (எதில் உட்கார்ந்து என்று கேட்காதீர்கள்). 1882 அக்டோபர் 28 அன்று, தான் செய்த சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

புரூக்ஸ் கம்பெனியின் பேரை நிலைநாட்டிய சீட்டில் மெத்தையே கிடையாது. நம்ம ஊர் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குச் சட்டம் இருக்கிறது, நடுவில் கயிறு. உடம்புக்குத் தகுந்தாற்போல் கயிறு தழைந்து கொடுக்கிறது. நாளாக ஆகத் தொய்ந்தால் இழுத்துக் கட்டுகிறோம். அதேதான். கெட்டியான மாட்டுத்தோலை நனைத்து, அச்சில் வைத்து வடிவம் கொடுத்து, முன்னாலும் பின்னாலும் ஓர் இரும்புச் சட்டத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள். அடியில் ஸ்பிரிங். தொய்ந்தால் இறுக்கிக்கொள்ள மூக்கில் ஒரு நட்டு. சில மாதங்கள் ஓட்டினால் தோல் உங்கள் எலும்புக்கேற்ற பள்ளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

எலும்பு என்றேன் இல்லையா? அதுதான் மொத்த விவகாரமும். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள்தான் பாரத்தைத் தாங்கவேண்டும். அவற்றுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதியில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. அங்கே பாரம் விழக்கூடாது. விழுந்தால் வலி, மரத்துப்போதல் எல்லாம். பஞ்சு மாதிரி சீட் இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு உள்ளே புதைந்து, நடுப்பகுதி மேலே எழும்பி, எங்கே அழுத்தக்கூடாதோ சரியாக அங்கே அழுத்தும்.

பந்தயக்காரர்களின் சீட் கத்தி மாதிரி ஒல்லியாக இருக்கிறதே, அவர்களுக்கு வலிக்காதா? அவர்கள் குனிந்து ஓட்டுகிறார்கள். பாரத்தில் ஒரு பங்கு கைக்கும் காலுக்கும் போய்விடுகிறது. இன்னொன்று, அவர்களுடைய டவுசருக்குள்ளேயே மெத்தை வைத்துத் தைத்திருக்கும். வேட்டி, புடவை, ஜீன்ஸ், சுடிதார் என்று கட்டிக்கொண்டு ஆபீஸுக்கும் சந்தைக்கும் போகிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிமிர்ந்து உட்காருகிறோம். மொத்தப் பாரமும் சீட்டில். டவுசரில் இல்லாத சௌகரியத்தை சீட்தான் தரவேண்டும்.

இந்தச் சின்ன விஷயம் புரியாததால் 1890-களில் ஒரு பெரிய கலாட்டா நடந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கிளம்பிய காலம் அது. சில டாக்டர்கள் பதறினார்கள். சீட் அழுத்துகிறது, பெண்ணுடம்புக்கு ஆகாது, ஓட்டக்கூடாது என்றார்கள். குற்றவாளி சீட், தண்டனை பெண்ணுக்கு! ஆனால் வியாபாரிகள் வேறு கணக்குப் போட்டார்கள். வாங்கக்கூடியவர்களில் பாதிப் பேரை இழக்க எந்த முதலாளி சம்மதிப்பான்? சீட்டைத் திருத்தினார்கள். நடுவில் பள்ளம் விட்ட சீட்டுகள் வந்தன. அமெரிக்காவில் 'கிறிஸ்டி' என்றொரு சீட், இரண்டு எலும்புக்கும் தனித்தனி மெத்தையோடு விற்பனையானது. பிற்பாடு எல்லோரும் அதை மறந்துபோனார்கள். சுமார் 100 வருடம் கழித்து, 1997-ல் ஓர் அமெரிக்க டாக்டர் 'சீட்டால் ஆண்மைக்கே ஆபத்து' என்று எச்சரித்தபோதுதான், நடுவில் பள்ளம் விட்ட சீட்டுகள் மறுபடி பிரமாதமாகக் கடைக்கு வந்தன. பிரச்னை ஆண்களுக்கு என்றதும் 'ஓட்டாதே' என்று யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

நம்ம ஊருக்கு வருவோம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கைகோத்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. நிமிர்ந்த ஹேண்டில்பார், அகல சீட், அடியில் சுருள் ஸ்பிரிங். வேட்டி கட்டிய வாத்தியாருக்கும் பால்காரருக்கும் பொருத்தமான வண்டி அது.

பெண்கள்? அய்யலூரிலிருந்து மணப்பாறை தாண்டினால் விராலிமலை. அங்கே புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடுகிறது. 1991-ல் அந்த மாவட்டத்தின் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனாலென்ன என்று ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே! 2001-ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு மற்ற மாணவ, மாணவியருக்கும் விரிந்தது.

இவ்வளவு தூரம் வந்தபிறகு, ஒரு சீட் குத்துகிறது என்பதற்காக சைக்கிள் திண்ணையில் தூசி படியலாமா? ஆசையாக வாங்கி ஒரே மாதத்தில் ஓரங்கட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல பேருக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பந்தய சீட்டில் ஆபீஸ் உடுப்போடு உட்கார்ந்ததுதான்.

சரிசெய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தரையில் கால் ஊன்றவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்காதீர்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்தால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் உயரம். மூக்கு மேலேயும் தூக்காமல், கீழேயும் சரியாமல் சீட் மட்டமாக இருக்கட்டும். கெட்டியான பெஞ்சில் ஓர் அட்டையைப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளம் தெரியும். அந்த இடைவெளியைவிட சீட் அகலமாக இருக்கவேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி அதிகம். அண்ணனுடைய சீட் தங்கைக்கு ஒத்துவராது. வழுக்குகிற தடிமனான ஸ்பான்ஞ்ச் கவர் வேண்டாம். தோல் சீட் வைத்திருக்கிற பாக்கியசாலி என்றால், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டுங்கள். நனைந்தால் தோலும் கெடும், வெள்ளை வேட்டியும் கெடும்.

இதற்கெல்லாம் தேவை ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் இருந்தால் அவள் வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். வலிக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள். அவளாக வந்து சொல்லமாட்டாள்.